மச்சுப் பலகையின் விலை

எங்கள் வீட்டு மச்சின் நடு உத்திரத்தில் 1108 என்று உளியால் செதுக்கியிருக்கும். கொல்லம் ஆண்டு, இன்றைய கணக்கில் 1932-33. தக்கலை வட்டாரம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. ராஜா போய், சமஸ்தானம் போய், மாநிலமே மாறிய பிறகும் அந்த மச்சு அசையாமல் இருந்தது. 16 அடிக்கு 12 அடி. குறுக்கே ஏழு உத்திரம், அவற்றின் மேல் ஓரங்குல கனத்தில் அயினிப் பலகை. கீழே இருப்பவர்களுக்கு அது கூரை. மேலே ஏறினால் தேங்காயும் புளியும் நெல்மூட்டையும் கிடக்கும் தரை. அம்மை என்னைப் பெற்றதும், தாத்தா கடைசி மூச்சை விட்டதும் அதற்குக் கீழேதான்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல்.

அந்தப் புயலைப் பற்றிச் சொல்ல வந்து ஓட்டையும் பலகையையும் பேசுவதற்கே மனம் கூசுகிறது. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன. எங்களுக்குப் போனது பொருள் மட்டும்தான். காற்று முற்றத்துப் பலாவின் பெருங்கொம்பு ஒன்றை முறித்து மேற்குச் சாய்ப்பின் மேல் போட்டது. ஓடு நொறுங்கியது. கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள் மேற்குச் சுவரை ஒட்டிய பலகைகள் மழையைக் குடித்து முடித்துவிட்டன. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஓடும் ஓடு போடும் ஆளும் தேடியதால் எங்கள் முறை வர மார்கழி பாதியாகிவிட்டது. பழைய ஓட்டின் காடியில் புது ஓடு சரியாக உட்காராது. இடித்த வீடுகளிலிருந்து பழைய ஓடு தேடி வாங்க வேண்டியிருந்தது.

தை மாதம் பார்த்தபோது பலகைகள் காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தது. மாசியில் அவற்றின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து நின்றன. சுவர்ப்பக்கம் கால் வைத்தால் மெத்தென்று கீழே போயிற்று. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பலகைகளின் கீழ்ப்புறத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

முதலில் வந்து பார்த்தவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். “எல்லாத்தையும் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுருவோம் சார். ஒரே தடவை செலவு, உங்க பேரன் காலம் வரை நிக்கும்” என்றார். ஒன்றே முக்கால் லட்சம் கேட்டார். அவர் நல்ல மனிதர், ஏமாற்ற வந்தவர் இல்லை. எங்கள் பக்கம் மச்சு வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். ஓரங்குல அயினிப் பலகை ஒன்றரைக் கிலோகூட வராது; உத்திரத்தின் எடையைச் சேர்த்தாலும் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் வராது. எங்கள் சுவர் வெட்டுகல்லை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. மரத்தின் பாரத்தைச் சுமப்பதற்காகக் கட்டிய சுவர். அதன் தலையில் ஐந்தாறு டன் கான்கிரீட்டை ஏற்றுவதென்றால் சுவரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவு அவர் தந்த தாளில் இல்லை.

அந்தத் தாளில் வேறொரு வரி இருந்தது: பழைய மரத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். கெட்டது போக 120 சதுர அடிக்கு நல்ல பலகை அங்கே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஓரங்குல கனத்தில் 12 சதுர அடி என்றால் ஒரு கன அடி மரம். 120 சதுர அடிக்குப் பத்துக் கன அடி. எண்பத்தைந்து வருடம் காய்ந்து நிலைத்த அயினி. உத்திரங்கள் தனி. இடிப்பவருக்கு அதன் விலை தெரியும். வீட்டுக்காரர்களில் பலருக்குத் தெரிவதில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் எத்தனை மச்சுகள் இந்த ஒரே வரியில் லாரி ஏறிப் போயிருக்கின்றன.

அடுத்து டிப்போவில் விசாரித்தேன். அறுத்த அயினி கன அடி 2,200 ரூபாய். தேக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்த மச்சையும் மாற்றினால், இழைப்பிலும் காடியிலும் கழியும் சேதாரத்தையும் சேர்த்து 24 கன அடி வேண்டும். மரத்துக்கு மட்டும் 62,000 ரூபாய் சொச்சம்.

இதற்குப் பிறகுதான் ஆசாரி வந்தார். எங்கள் வீட்டுக் கதவையும் கட்டிலையும் செய்த குடும்பத்தின் மூத்தவர். கையில் ஓர் உளி, ஒரு டார்ச், அவ்வளவுதான். மச்சின் கிழக்கு மூலையிலிருந்து குந்தியபடியே நகர்ந்து, உளியின் பிடியால் ஒவ்வொரு பலகையையும் தட்டிக்கொண்டே வந்தார். கிழக்கில் ணங்கென்று கேட்டது. நடுவிலும் அதே சத்தம்தான். மேற்குச் சுவரிலிருந்து ஆறாவது வரிசையை எட்டியபோது சத்தம் அமுங்கியது. அந்த இடத்தில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். “இந்தக் கோட்டுக்குக் கிழக்கே ஒண்ணும் தொடாண்டாம்” என்றார்.

ஒன்பது அங்குல அகலத்தில் ஆறு வரிசை, 16 அடி நீளம். 72 சதுர அடி. 192 சதுர அடியில் கெட்டது இவ்வளவுதான். 62,000 ரூபாய் மரம் 23,000-க்கு இறங்கியது அந்தச் சாக்கட்டிக் கோட்டினால்.

ஆனால் அவர் எழுந்து போகவில்லை. இரண்டு பலகையைக் கழற்றச் சொன்னார். உத்திரங்களின் தலை சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியின் கூர்முனையை வைத்து அழுத்தினார். மூன்று உத்திரங்களில் உளி, தட்டாமலே, அரை விரல் ஆழம் உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்து முகர்ந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது பலகைக்க தீனமில்ல. செவருக்க தீனம். அத மாத்தாம பலகைய மட்டும் மாத்தினா மூணு வருசத்தில திரும்ப என்னைத் தேடி வருவிய.”

அவர் சொன்னது சரி. அந்தச் சுவரின் வெளிப்பக்கம் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு எப்போதோ சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே போக விடும், சிமென்ட் விடாது. ஓடு போன இடத்தில் சுவரின் தலைவழியாக இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல், உள்ளே தலைவைத்துக் கிடந்த உத்திரங்களுக்குள் ஏறிவிட்டது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். அந்த அளவுக்குக் கீழே இருக்கும்வரை எத்தனை தலைமுறையானாலும் மக்காது. புயல் ஓட்டைத்தான் உடைத்தது. உத்திரத்தைத் தின்றது சுவரில் தேங்கிய ஈரம்.

மரத்துக்கு ஒரு வழி பிறந்தது. ஒக்கி அடித்த அதே நாளில் சித்தப்பாவின் விளையில் ஓர் அயினி வேரோடு சாய்ந்திருந்தது. விலை இல்லாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அயினி எங்கள் பக்கத்துக்கும் கேரளத்துக்கும் சொந்தமான மரம். நீரில் நெடுங்காலம் தாங்கும், வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஆலப்புழைப் பக்கத்துப் பாம்புப் படகுகளை அதில்தான் செய்கிறார்கள். நான் சந்தோஷமாகச் சொன்னதும் ஆசாரியின் முகம் சுருங்கியது. நவம்பர் 30 என்றால் வளர்பிறை. இரண்டு நாள் கழித்துத் திருக்கார்த்திகை. “வளர்பிறையில விழுந்த மரம். உளு வரும். மூணு மாசமாவது வெள்ளத்தில கெடக்கணும்” என்றார்.

பிறை பார்த்து மரம் வெட்டும் வழக்கத்தில் எவ்வளவு உண்மை என்று நான் வாதாடப் போவதில்லை. உளுத்துப்போக வைக்கும் வண்டு மரத்திலுள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வருகிறது. தடியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து குறையும். அவர் சொன்ன வைத்தியம் சரியானதே. தடியைப் பக்கத்துக் குளத்தில் உருட்டி, மிதக்காமல் மேலே கல் ஏற்றி வைத்தோம்.

வைகாசியில் எடுத்து மில்லுக்குக் கொண்டுபோனோம். தடி அளப்பதை நின்று பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். கயிற்றால் சுற்றளவு பிடித்து, நான்காக மடித்து, அந்த அளவை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் தடி 60 அங்குலச் சுற்று, 14 அடி நீளம். நான்கில் ஒன்று 15; பதினைந்து பதினைந்து 225; பதினான்கால் பெருக்கினால் 3,150; வகுத்தால் 22 கன அடிக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவை மரத்தின் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்கை அறுப்புக் கழிவென்று விட்டுவிடுகிறது. வாங்குபவனுக்கு நியாயம் செய்யும் கணக்கு. வெளிச்சுற்று வெள்ளையை ஒதுக்கி, வைரத்தை மட்டும் ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்தார்கள்.

பிறகு காத்திருப்பு. ஓரங்குலப் பலகை நிழலில் உலர ஒரு வருடம் என்பது தச்சர்களின் கணக்கு. மாட்டுக்கொட்டிலின் ஓரமாகத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே சட்டம் வைத்து அடுக்கினார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த மழை எங்களையும் விடவில்லை. காற்றில் ஈரம் இறங்கவே நாளாயிற்று. ஆசாரி ஒரு துண்டை அறுத்து அம்மையிடம் கொடுத்திருந்தார். அவள் பலசரக்குக் கடைக்குப் போகும்போதெல்லாம் அதையும் எடுத்துப் போய் தராசில் வைத்து, எடையைக் காலண்டரில் குறித்து வைத்தாள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தாயிற்று என்று அர்த்தம். 2019 மாசியில் நின்றது. பச்சை மரத்தை அவசரமாக அடித்து, ஒரே கோடையில் பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி விழுந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மறுபடி ஆகும் செலவு முதல் செலவைவிட அதிகம்.

பங்குனியில் வேலை தொடங்கியது. முதலில் கொத்தனார் வெளிச்சுவரின் சிமென்டை உரித்துச் சுண்ணாம்பு பூசினார். பிறகு உத்திரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஜாக்கியால் இம்மியளவு தூக்கினார்கள். கெட்ட தலைகளை நல்ல மரம் வரும்வரை வெட்டி, புது அயினித் துண்டைச் சாய்வாகப் பொருத்தி, இருபக்கமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட் முறுக்கினார்கள். சுவருக்குள் உத்திரத் தலையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னார் ஆசாரி. காற்று போக வேண்டும். சுவருக்குள் போகும் பகுதி முழுவதும் அண்டி எண்ணெய் தேய்த்தார்கள். கொல்லாங்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் அந்தக் கறுப்பு எண்ணெய் கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும். தோலில் பட்டால் வெந்துவிடும். கையாளாக வந்த பையனின் இரு கைகளிலும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிவிட்டுத்தான் தூரிகையைக் கொடுத்தார்.

பலகை போட்டது கடைசி வேலை. அதுதான் சீக்கிரம் முடிந்ததும். ஒன்றின் ஓரத்தில் காடி, அடுத்ததில் நாக்கு, தட்டிச் சேர்க்கச் சேர்க்க வரிசை சுவரை நோக்கி நகர்ந்தது. சுவர் ஓரத்தில் அரை அங்குலம் விட்டார், மழைக்காலத்தில் மரம் ஊதுவதற்கு. பழைய பலகைகளில் கொல்லன் அடித்த ஆணிகள் இருந்தன. புதியவற்றுக்கு அவர் ஆணியே வேண்டாமென்றார். பித்தளைத் திருகாணி வாங்கி வரச் சொன்னார். விலை பல மடங்கு என்று நான் தயங்கியபோது, “நாளைக்கு ஒருத்தன் வந்து கழத்துவான் தம்பி. அவனுக்குப் பலகை முறியாமக் கையில வரணும்” என்றார். தன் காலத்துக்குப் பிறகு அந்த மச்சில் குந்தப்போகும், இன்னும் பிறக்காத ஒரு தச்சனை நினைத்துச் செய்யும் வேலைக்குக் கூலி இவ்வளவென்று எப்படி வகுப்பது? அன்றைக்கு எங்கள் பக்கம் ஆசாரிக்கு நாள்கூலி 1,100, கையாளுக்கு 750. குறைவென்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கணக்கு நோட்டில் இருப்பது இது. மரம் இலவசமென்றாலும் முறித்து இறக்க 4,500, லோடுக்கும் வண்டிக்கும் 5,500, அறுப்புக்கூலி 2,000, ஆக 12,000. சேனல், போல்ட், திருகாணி 9,000. ஓடும் பட்டியலும் ஓடு போட்ட கூலியும் 21,000. கொத்தனாருக்கும் சுண்ணாம்புக்கும் 6,500. எண்ணெய் வகை 2,500. தச்சுக்கூலி 46,000. கூட்டினால் 97,000 ரூபாய்.

மரத்தின் பங்கு அதில் எட்டில் ஒன்று. டிப்போவில் விலைக்கு வாங்கியிருந்தாலும் ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டியிருக்கும். பலகை மாற்றப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மரத்தின் விலையைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். அந்த விலையில் பேரம் பேசிக் குறைப்பது மொத்தச் செலவை அதிகம் அசைக்காது. எத்தனை சதுர அடியை மாற்ற வேண்டும், உத்திரத் தலைகளின் நிலை என்ன, ஈரம் எங்கிருந்து வருகிறது: செலவு கூடுவதும் குறைவதும் இந்த மூன்றில்தான். மூன்றையும் சொல்லக்கூடியவர் தட்டிப் பார்க்கத் தெரிந்த தச்சர். அவருக்குக் கொடுக்கும் கூலியில் கஞ்சத்தனம் பார்ப்பவர் மற்ற எல்லாவற்றிலும் இரட்டிப்பாகக் கொடுப்பார்.

பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்குப் பக்கம்தான். தமிழக மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது. ஊருக்கு வரும் விருந்தாளிகளை அழைத்துப் போகும்போது மேல்தளத்துப் பலகைகளில் வெறுங்காலோடு நடந்து, அவர்கள் இத்தனை காலம் இது எப்படி நின்றது என்று வியப்பார்கள். மரம் மட்டமாக இருந்தால் நின்றிருக்காது என்பது உண்மை. கூரையில் ஒழுக்கு விழாமல் பார்க்க ஆள் இல்லாமல் போயிருந்தாலும் நின்றிருக்காது. வீடுகளில் அந்த வேலை வீட்டுக்காரருடையது. மச்சு மக்கியதென்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் காரணம் மேலே ஒரு விரிசல் ஓடு, அல்லது சுவரில் ஒரு சிமென்ட் பூச்சு. மரத்தைக் குறை சொல்ல ஓரிடத்திலும் எனக்கு முகாந்திரம் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் மச்சு இருக்கிறதென்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். வருடந்தோறும் சித்திரை முடிவதற்குள், ஆனி மழைக்கு முன்பே, ஓட்டின் மேல் ஓர் ஆளை ஏற்றி உடைந்ததை மாற்றுங்கள். அது ஒரு நாள் கூலி. பலகை கெட்டுவிட்டதென்று யாராவது இடிக்க விலை பேச வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மூத்த ஆசாரியை அழைத்து மச்சு முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை சதுர அடி கெட்டது, எத்தனை சதுர அடி நல்லது என்று இரண்டையும் அவரிடம் எழுதி வாங்குங்கள்.